இடப்பக்கம் சுத்துன வட்டம்

ஏய், உக்காருங்கப்பா, உக்காருங்க, பேசுனது போதும். தண்ணித் தொட்டியில சாஞ்சு நிக்கிறவுகளும் பாய்க்கு வாங்க. ஆவுடையப்பன் சார், உங்களுக்குத்தான் அந்த நாற்காலி, காலேஜ்ல பாடம் நடத்துறவரைத் தரையில உக்கார வச்சா எனக்குல்லா பாவம் சேரும். செல்போனை அமத்துங்க. நாலரைக்கு அந்தமான்ல ஒரு மனுசன் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் காத்துக் கிடப்பாரு, இங்க நீங்க வடைக்குச் சட்டினி பத்தலன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. இப்படிச் சத்தம் போடுறது வேற யாரு, நான்தான், லாசர் மைக் செட் லாசர், என் கடை மாடி, என் பாய், என் வாய். எல்லாரும் சிரிக்காங்க. சிரிக்கட்டும். சிரிக்கிற வரைக்கும் ஒருத்தனும் அண்ணாந்து பாக்க மாட்டான். பாத்தா மூங்கிலு உச்சியில அந்த முக்கோணக் கம்பி ஏரியல் தெரியும், அதுல இருந்து இறங்குற கறுப்புக் கேபிள் தெரியும், கேபிளுக்குப் பக்கவாட்டுல வால் மாதிரித் தொங்குற இன்னொரு துண்டு தெரியும். அந்த வாலுக்குப் பேருதான் ஸ்டப்பு. அதை வெட்டுனது நான். கணக்குப் போட்டதும் நான். ஏரியலும் கேபிளும் ஒத்துப் போகலைன்னா அனுப்புன பவர் மேல போக மாட்டாம திரும்பி வரும், கல்யாண வீட்டுல பந்திக்குக் கூப்பிடாம விட்ட தாய்மாமன் மாதிரி, வந்த கோவத்துல கீழ இருக்கிற வயர்லெஸ் செட்டை எரிச்சிட்டுத்தான் அடங்கும். சரியான இடத்துல, சரியான நீளத்துல ஒரு வால் கட்டுனா அந்த மாமனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் இலையில உக்கார வச்சிரும். நான் கட்டுன வால் கூட்டிட்டுப் போகுமா, கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுமான்னு எனக்கே தெரியல. நேத்து ராத்திரி வரைக்கும் தெரிஞ்சுது. காலையில பல்லு விளக்கும்போது தெரியாமப் போச்சு. மணி நாலு பத்து.

அந்தச் செட்டு சங்கரலிங்கம் அண்ணாச்சியோடது. அந்தா, மேசைக்கு முன்னால, முதுகை நிமித்தி, கழுத்துல வெள்ளைத் துணி கட்டி உக்காந்திருக்காருல்லா, அவருதான். தந்தி ஆபீஸ்ல முப்பத்தோரு வருசம். ரெண்டு வருசத்துக்கு முன்னால தொண்டையில கட்டின்னாங்க, ஆபரேசன் பண்ணாங்க, உசிரு மிஞ்சுச்சு, குரல் மிஞ்சல. இப்ப ஏதாவது சொல்லணும்னா கரண்டியால எவர்சில்வர் டம்ளர்ல தட்டுவாரு, டிட் டா டிட்டுன்னு, மோர்ஸ் தந்தி அடிக்கிற கணக்குல, தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்துல தட்டுவாரு, நான் பக்கத்துல நின்னு எல்லாருக்கும் சொல்லுவேன், கொஞ்சம் மசாலா தூவி. அவரு 'போதும்'னு தட்டுனா, 'என்னப்பா இது, மனுசன் திங்கிற வடையா இது, மதகு அடைக்கிற வடையா'ன்னு நான் சொல்லுவேன், சனங்க சிரிக்கும், அவரு கண்ணு மட்டும் என்னை முறைக்கும். ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து பதினோரு மாசம் உக்காந்து அந்தச் செட்டைக் கையால கட்டுனாரு. பெட்டிகூட பழைய பிஸ்கட் டின்னைத் தட்டி நிமித்துன தகரம். உள்ள ரெண்டு டிரான்சிஸ்டர் இருக்கு, இப்ப எந்தக் கடையிலயும் வரது இல்ல, செத்துப்போன ஒரு சிநேகிதரு விட்டுட்டுப் போனது. அதுல பவர் குறைக்கிற குமிழும் கிடையாது, பாதுகாப்பு சர்க்யூட்டும் கிடையாது, தந்தி அடிக்கிற கீயை அமுக்குனா முழுப் பவர், விட்டா ஒண்ணுமில்ல. அண்ணாச்சி மாதிரியே. அந்தமான்ல இருக்கிற உதுமான் கனி பாய் இவரு கூட தந்தி ஆபீஸ்ல ஒரே மேசையில இருந்தவரு. குரல் போன பிறகு இவரு ஒரு கடுதாசிகூடப் போடல, இன்னைக்கு நாலரைக்குன்னு நான்தான் அவருக்குப் போன்ல சொல்லி வச்சேன். இன்னைக்குத்தான் முதல் தடவையாப் பேசப் போறாரு, அந்தக் கீயால. செட்டு எரிஞ்சா வாய் ரெண்டாவது தடவையா போன மாதிரி. ரெண்டாவது ஆபரேசன், டாக்டர் லாசர். ஏன் இப்படி எல்லாம் தோணுது. எச்சி முழுங்குனா நோவுது. அவருக்கும் முதல்ல இப்படித்தான் கரகரன்னு... சீ, அது நேத்துக் கோயில் கொடைக்கு மைக்குல கத்துனது. மணி நாலு பதிமூணு. என் வீட்டுக்காரி புஷ்பம் காப்பி கொண்டு வாரா. என் மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிச்சிருவா, திரும்பிக்கிடுவோம்.

இதுக்கெல்லாம் காரணம் ஆவுடையப்பன் சார்தான். போன வாரம் அவரு, "கம்ப்யூட்டர்ல போட்டா ரெண்டு நிமிசத்துல நீளம் வந்திரும் லாசர், உங்களுக்கு ஏன் சிரமம்"னாரு. சும்மா இருந்தேனா. அவரு குரல்லயே, அந்த மூக்கடைச்ச குரல்லயே, "சிரமம் ஒன்றுமில்லை மாணவர்களே"ன்னு திருப்பிச் சொல்லி, ஸ்மித் சார்ட்டை, அதான் ஏரியல் கணக்குப் போடுற வட்டப் படத்தை, விரிச்சு பென்சிலும் காம்பஸுமா நானே போட்டுக் காட்டுறேன்னு எல்லாரு முன்னாலயும் சவால் விட்டுட்டேன். எட்டாங் கிளாஸ்ல கணக்குல பதினேழு மார்க்கு வாங்குனவன். ஆனா அந்தச் சார்ட்டு எனக்குப் பிடிக்கும், அதுதான் விசயம். அதுல எழுத்துக் கம்மி, வட்டம் ஜாஸ்தி. ஒரு பெரிய வட்டம், உள்ள ஒரு ஓரத்தைத் தொட்டுக்கிட்டுச் சின்னச் சின்ன வட்டம், இடியாப்பத் தட்டுல வெயிலு விழுந்த மாதிரி. ஏரியல் நூறு ஓம். மதுரைக்காரங்க அளக்குற பெட்டி கொண்டுவந்து அளந்து சொல்லிட்டு, பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, அது இன்னைக்கு இருந்திருந்தா எனக்கு ஏன் இந்தத் தவிப்பு. கேபிள் அம்பது. நூறுல அம்பது ரெண்டு. நடுக்கோட்டுல ரெண்டுல புள்ளி. வாலைப் பக்கவாட்டுல கட்டுறதால எதிர்ப்பக்கம் போகணும், அங்க அரை, அதுவும் நடுக்கோட்டுலயே. அங்க இருந்து விளிம்போட சுத்தி, ஒண்ணாம் நம்பர் வட்டத்தைத் தொடுற வரைக்கும் போகணும். எம்புட்டுச் சுத்துனோமோ அம்புட்டு தூரம் தள்ளி வாலைக் கட்டணும். அப்புறம் வாலுக்கு நீளம் எவ்வளவுன்னு பாக்க இன்னொரு சுத்து. ரெண்டே சுத்துதான். முதல் சுத்துல ஒரு அலை நீளத்துல புள்ளி ஒண்ணு அஞ்சு ரெண்டு பங்குன்னு வந்துச்சு. ரெண்டாம் சுத்துலயும் புள்ளி ஒண்ணு அஞ்சு ரெண்டு. அங்கதான் முதல் பயம் பிடிச்சுது. ரெண்டும் எப்படி ஒரே நம்பர் வரும்? முதல் நம்பரையே பாத்து ரெண்டாவது எழுதிட்டேனா, பரீட்சையில பக்கத்துப் பெஞ்சு எட்வினைப் பாத்து எழுதி அவன் பேரையும் சேத்து எழுதுன மாதிரி? இல்ல, இல்ல, சரியாத்தான் இருக்கும், ரெண்டு தடவையும் விரலை வச்சுக் கணக்குப் பண்ணேன். சரி, கேபிளுக்குள்ள அலை சுருங்கும்லா, வெளிய இருபத்தோரு மீட்டரா இருக்கிற அலை கேபிளுக்குள்ள பதினாலுதான், அதைப் பெருக்குனேனா? பெருக்குனேன், பெருக்குனேன், டேப்புல ரெண்டு மீட்டர் பதிமூணு சென்டின்னு புஷ்பத்தைப் பிடிக்கச் சொல்லி வெட்டுனேன், அவகூட 'இதுல துணி காயப் போடலாமா'ன்னு கேட்டா. வால் நுனியில ரெண்டு கம்பியையும் சேத்து ஈயம் வச்சனா? வச்சேன், கட்டைவிரல் சுட்டுக் கொப்புளம் இருக்கு, இந்தா. அப்புறம் என்ன பயம்? தெரியல. சாவியைப் பூட்டுல வச்சுட்டு வந்த மாதிரி ஒரு பயம். எதையோ விட்டுட்டேன்.

"லாசர், சும்மா நிக்காதீரும்வே, ஏதாவது விடும்" அப்படின்னு பாயில இருந்து ஒரு சத்தம், மளிகைக் கடை தர்மராஜ். "தந்தி அண்ணாச்சி மாதிரி ஒண்ணு விடும், பழைய அண்ணாச்சி மாதிரி." தர்மராஜுக்கே நாக்கைக் கடிச்சுக்கிட்ட மாதிரி ஆயிருச்சு. ஏன்னா அதுதான் என்னோட பெரிய அயிட்டம், ரெண்டு வருசத்துக்கு முன்னால. அண்ணாச்சி குரல் ஒரு மாதிரி, பழைய ஜன்னலைத் திறக்கிற மாதிரிக் கிறீச்சுன்னு தொடங்கி, கடைசியில டமார்னு அடைக்கும். 'ஏ லாசரு, வாய்க்கு மேல ஒரு தலை வேணும்வே, உமக்குத் தலை முழுக்க வாயால்லா இருக்கு!' அவரு முன்னாலயே அப்படிச் செய்வேன், அவரும் அதே குரல்ல திருப்பித் திட்டுவாரு, எது அசல் எது நகல்னு தெரியாது. ஆபரேசனுக்குப் பிறகு ஒரு தடவைகூடச் செய்யல. செய்ய வாய் வரல. எவனும் அவரு குரலை டேப்புல பிடிச்சு வச்சது கிடையாது, அவரு பொண்டாட்டிகூட. ஒரு நாள் கடைக்கு வந்து அந்தம்மா பல்பு வாங்குற மாதிரி நின்னுக்கிட்டே இருந்தாங்க, எதையோ கேக்க வந்த மாதிரி, கேக்காமலே பல்பை வாங்கிட்டுப் போயிட்டாங்க. அந்தக் குரல் என் தொண்டையில இருக்கு. அடுத்தவரு பொருளைக் கேக்காம வச்சிருக்கிற மாதிரி இருக்கு. திருப்பிக் குடுக்கவும் வழி தெரியல. அண்ணாச்சி இப்ப என்னையே பாக்காரு. நான் கையை ஆட்டிட்டு, "அதெல்லாம் பழைய சரக்கு, நான் உங்களுக்கு எங்க ஊரு சந்தியாகப்பர் சப்பரம் திரும்புறதைக் காட்டுறேன்"ன்னு தொடங்கிட்டேன். பேண்டு சத்தம், வெடிச் சத்தம், பாதர் மைக்குல இருமுறது, வழி மறிச்சு நிக்கிற ஐஸ் பேக்டரி லாரி டிரைவர் எங்க சேர்மன்கிட்டத் திட்டு வாங்குறது, எல்லாம் ஒரே வாயில. கடைசியில சப்பரத்தைத் தோள்ல சுமக்கிறவங்க மூச்சு முட்டக் கத்துறது, "இடம்! இடம்! இடப்பக்கம் திருப்பு!" அந்த 'இடம்'ல என் வாய் நின்னுபோச்சு.

ஆமா, இடம். ஞாபகம் வந்திருச்சு. சார்ட்டுல எந்தப் பக்கம் சுத்தணும்னு எனக்கு எப்பவும் குழப்பம், விளிம்புல ரெண்டு அம்புக்குறி இருக்கு, ஒண்ணு செட்டுப் பக்கம், ஒண்ணு ஏரியல் பக்கம், இங்கிலீஷ்ல எழுதியிருக்கும். நாம ஏரியல்ல இருந்து செட்டைப் பாத்து இறங்குறோம், அதனால செட்டுப் பக்கம். போன மாசம் அண்ணாச்சி டம்ளர்ல தட்டிச் சொல்லிக் குடுத்தாரு, மறக்கவே மாட்டீருன்னு. 'சாமி வீதி சுத்துற பக்கம் சுத்தும்வே.' நானும் மறக்கல. சாமி வீதி சுத்துற பக்கம்தான் சுத்துனேன். எங்க சாமி. எங்க தெருவுல சப்பரம் கோயில் வாசல்ல இருந்து இடப்பக்கம்தான் திரும்பும், எங்க அப்பா காலத்துல இருந்து, வலப்பக்கம் ஐஸ் பேக்டரி லாரி நிக்கும், சப்பரம் போகாது. அவரு சொன்னது அவரு ஊரு தேரு. அது வலமாப் போகும். எல்லாத் தேரும் வலமாத்தான் போகும், எங்க ஊரைத் தவிர. அட சந்தியாகப்பரே, ஐஸ் லாரிக்காக நீரு திரும்புனதுல இப்ப அண்ணாச்சி வாய் போகப் போகுது. சனங்க கைதட்டுறாங்க. சப்பரம் நல்லா இருந்துச்சாம், நடுவுல நின்னதுகூட அச்சு முறிஞ்ச மாதிரி தத்ரூபமா இருந்துச்சாம். மணி நாலு இருபத்தி ரெண்டு.

முதல் சுத்து இடம். அது நிச்சயம், 'இடம் இடம்'னு முணுமுணுத்துக்கிட்டே பென்சிலைத் தள்ளுனேன். ரெண்டாம் சுத்து? ரெண்டாம் சுத்து தொடங்கும்போது புஷ்பம் வந்து 'சாளைக் கருவாடா, நெத்திலியா'ன்னு கேட்டா. நெத்திலின்னேன். அப்புறம் பென்சில் எந்தப் பக்கம் போச்சு? கண்ணை மூடிப் பாக்கேன். நெத்திலிதான் தெரியுது. முதல் சுத்து தப்பாப் போனாலே வால் நல்லதுக்குப் பதிலா கெட்டதைச் செய்யும், இருக்கிற கோளாறைக் குறைக்காம ரெண்டு மடங்காக்கும், மாமனைக் கையைப் பிடிக்கிறதுக்குப் பதிலா சட்டையைப் பிடிச்ச மாதிரி. ரெண்டாவதும் தப்புன்னா நாலு மடங்கா? தப்பு மேல தப்பு, யாருக்குத் தெரியும், பதினேழு மார்க்கு. காகிதத்தைப் பாத்தா தெரிஞ்சிரும், அம்புக்குறி போட்டிருக்கேன். காகிதம் எங்க? நான்தான் நேத்துப் பெருமையா மடிச்சு அண்ணாச்சி சட்டைப் பையில சொருகுனேன், 'லாசரு கணக்கு, பத்திரமா வையுங்க, பின்னால மியூசியத்துல கேப்பாங்க'ன்னு. அந்தா, பையில வெள்ளையா நீட்டிக்கிட்டு இருக்கு. எட்டி எடுக்கலாம். எடுத்தா எதுக்குன்னு கேப்பாங்க. ஆவுடையப்பன் சார் கண்ணாடியைத் துடைப்பாரு, அவரு கண்ணாடியைத் துடைச்சாலே பாதி மார்க்குப் போயிரும். ஏணி போட்டு ஏறி வாலை அறுத்துரலாமா, காத்துல அறுந்த மாதிரி? காத்தே இல்ல. கரண்டு போயிட்டுன்னு மெயினை அமத்தலாமா? பேட்டரியில ஓடுது, நானே வச்ச பேட்டரி. மயக்கம் வந்த மாதிரி விழலாமா? விழுந்தா எல்லாரும் கைதட்டுவாங்க. என்ன செஞ்சாலும் கைதட்டுவாங்க. அதுதான் என் பொழப்பு. அண்ணாச்சி ஹெட்போனை மாட்டிட்டாரு. விரல் ரெண்டும் கீ மேல வந்து உக்காந்துருச்சு, அமுக்கல, சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு. அவரு உதடு அசையுது. சத்தம் இல்லாம என்னமோ சொல்லிப் பாக்காரு, கல்யாண மேடைக்குப் போற மாப்பிள்ளை மாதிரி. 'உதுமானே'ன்னு சொல்ற மாதிரி இருக்கு. எனக்குத்தான் தெரியுமே அந்த 'உதுமானே' எப்படிக் கேக்கும்னு, நடுவுல ஒரு சின்னக் கிறீச்சு. சொன்னா அவமானம் எனக்கு. சொல்லலைன்னா நட்டம் அவருக்கு. இதை ஏன் நான் இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டு இருக்கேன், இதுக்கு என்ன சார்ட்டு வேண்டிக் கிடக்கு. நாலு இருபத்தி ஒம்பது. ஹெட்போன்ல இருந்து சின்னதா சத்தம் கசியுது, டா டிட் டா டிட், அந்தப் பக்கம் கூப்பிடுறாரு. அண்ணாச்சி விரல் கீழ இறங்குது.

"அமுக்காதீங்க!"

எல்லாரும் சிரிச்சாங்க. தர்மராஜ் தொடையில தட்டி, "இது யாரு குரல்வே, புதுசா இருக்கே? எஸ்ஐ குரலா?" அப்படின்னான்.

"என் குரல்தாம்ல."

அதுக்கும் சிரிச்சாங்க. புஷ்பம் மட்டும் காப்பித் தட்டைக் கீழ வச்சா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"சத்தியமா என் குரல்தான். அண்ணாச்சி, விரலை எடுங்க. நான் தப்பாச் சுத்திட்டேன். நீங்க சாமி சுத்துற பக்கம்னு சொன்னீங்க, நான் எங்க ஊரு சாமி சுத்துற பக்கமாச் சுத்திட்டேன், அது இடப்பக்கம் போற சாமி. முதல் சுத்து தப்பு. ரெண்டாவது என்னன்னு தெரியல. அமுக்குனா செட்டு எரிஞ்சிரும். ஆவுடையப்பன் சார், நீங்க சொன்ன மாதிரி கம்ப்யூட்டர்ல போட்டிருக்கணும். சிரிக்கிறவுக சிரிச்சுக்கிடுங்க."

இப்பம் பாத்து ஒருத்தனும் சிரிக்கல. தண்ணித் தொட்டி நிரம்பி வழியுது, மோட்டாரை அமத்தவும் மறந்திருக்கேன். ஆவுடையப்பன் சார் கண்ணாடியைத் துடைச்சாரு. அண்ணாச்சி விரலை எடுத்தாரு. நிதானமா, அவசரமே இல்லாம, சட்டைப் பையில இருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரிச்சு மேசையில வச்சாரு. ரெண்டு அம்புக்குறி. ரெண்டும் இடப்பக்கம். ரெண்டும் தப்பு. அவரு கரண்டியை எடுத்துத் தட்டுனாரு. நான் எப்பவும் போல வாயைத் திறந்தேன், இந்தத் தடவை மசாலா தூவ ஒண்ணும் இல்ல. "ரெண்டும் தப்பு... அதனால... சரி... நேத்தே பாத்துட்டேன்." எனக்கே புரியாமச் சொன்னேன். ஆவுடையப்பன் சார் எழுந்து வந்து காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, விரலால வலமா ஒரு தடவை சுத்திப் பாத்தாரு, அதே புள்ளி ஒண்ணு அஞ்சு ரெண்டு. "லாசர், உங்க ஏரியல் புள்ளி நடுக்கோட்டுலயே நின்னிருக்கு. அதனால இடமாப் போனாலும் வலமாப் போனாலும் அதே தூரம். ஒண்ணை மட்டும் தப்பாச் சுத்தியிருந்தா கெட்டிருக்கும். ரெண்டையும் தப்பாச் சுத்துனதால ஒண்ணை ஒண்ணு சரி பண்ணிருச்சு" அப்படின்னாரு. அப்புறம், "கம்ப்யூட்டர் இந்தத் தப்பைப் பண்ணாது" அப்படின்னாரு. பாராட்டுனாரா திட்டுனாரான்னு தெரியல.

அண்ணாச்சி கீயை அமுக்குனாரு. நான் கண்ணை மூடிக்கிட்டேன், கருகுற வாசனைக்கு மூக்கை மட்டும் திறந்து வச்சுக்கிட்டேன். கருவாட்டு வாசனைதான் வந்துச்சு. கண்ணைத் திறந்தா செட்டுல சின்ன லைட்டு அவரு விரலோட எரிஞ்சு எரிஞ்சு அணையுது, பிஸ்கட் டின்னைத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருக்கு. நிறுத்துனாரு. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் அந்தமான்ல இருந்து பதில் கொட்டுச்சு, படபடன்னு, எனக்கே பிடிக்க முடியாத வேகத்துல, ரெண்டு வருசத்தை ஒரே மூச்சுல கொட்டுற மாதிரி. அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டாரு. முடிஞ்சதும் ஹெட்போனைக் கழட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டு என்னைப் பாத்தாரு. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பழைய நாளுல ஜன்னல் திறக்கிறதுக்கு முன்னால வர்ற பார்வை. தாங்க முடியல.

"அண்ணாச்சி, தப்புதான். நேத்தே தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம என்னை இந்தப் பாடு படுத்தியிருக்கீங்க. பரவாயில்ல. ஒரு வார்த்தை திட்டிருங்க, எனக்கு நிம்மதியாப் போயிரும்."

அண்ணாச்சி டம்ளர்ல இருந்த காப்பியைக் குடிச்சு முடிச்சாரு. காலி டம்ளரைக் கவுத்தி வச்சாரு. எனக்காக மெதுவா, ஒவ்வொரு எழுத்தா, இடம் விட்டு இடம் விட்டுத் தட்டுனாரு. நானும் ஒவ்வொரு வார்த்தையாச் சத்தமாச் சொன்னேன், கடைசி வரைக்கும் என்ன வருதுன்னு தெரியாமலே:

"என் குரல்... உம்மகிட்டல்லா... இருக்கு. நீரே... திட்டிக்கிடும்."